மலைநாட்டு நூதனசாலைகளும் உழைத்தவர் வரலாறும்

தவணை விடுமுறைக்கு முந்திய வாரங்களில் எமது பாடசாலைகள் பலவற்றிலிருந்து மாணவர் கூட்டங்கள் பஸ் ஏறிக் கண்டிக்குச் செல்கின்றன. தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா, பொழுதிருப்பின் ஹந்தானைத் தேயிலை நூதனசாலை என்பதே வழமையான ஒழுங்கு. திரும்பி வந்ததும் "நான் சென்ற சுற்றுலா" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதுவதோடு அக்கல்வி நிறைவுறுகிறது. இச்சுற்றுலாக்களைக் குறைகூற நான் முன்வரவில்லை. நான்கு சுவர்களுக்குள் அடைபட்டிருக்கும் பிள்ளைகளுக்கு அவை பெரும் பேறு. ஆயினும், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பொருளை வைப்பவர் வேறு பல பொருள்களை வெளியே விட்டுத்தான் அதனை வைக்கிறார் என்பதை ஆசிரியராகிய நாம் மாணவருக்கு எடுத்துச் சொல்கிறோமா? எதனை வைத்தார், எதனை விட்டார், என்ன காரணத்தால் விட்டார் என்று கேட்கப் பழகாத பிள்ளைக்கு நூதனசாலையும் ஒரு கடைத்தெருவாகவே தோன்றும்.

கண்டியை நடுவாக வைத்துச் சுற்றிலும் முப்பது மைல் அளவுக்குள் அமைந்த சில இடங்களை இக்கேள்வியோடு பார்த்துவர முயன்றேன். அவற்றுட் சில அரசினால் நூதனசாலையென அமைக்கப்பட்டவை, சில கல்லறைகள், சில வெறும் தேயிலை மலைகள். மலைநாட்டின் இருநூறு ஆண்டு வரலாற்றில் பாதி மட்டுமே பேழைக்குள் இருக்கிறது, மற்றப் பாதி வெளியே மழையில் நனைந்து கிடக்கிறது என்ற எண்ணமே அப்பயணத்தின் பயன்.

கண்டித் தேசிய நூதனசாலையை விரைவாகவே கடந்து செல்லலாம். அரசியர் வாழ்ந்த பல்லே வாசல எனும் மாளிகையில் அஃது அமைந்துள்ளது. பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1942இல். தந்த வேலைப்பாடும் பித்தளை வேலைப்பாடும் அங்கு கண்ணைக் கவருவன. கைவினைஞனின் திறமை தெரிகிறது. அவன் எந்த நிலத்தைப் பெற்று, அதற்கு ஈடாக எத்தனை நாள் இராசகாரிய ஊழியம் செய்தான் என்பது தெரிவதில்லை. அரசனுக்காகச் செய்த அந்த ஊழியத்தை 1815இன் பின் வந்த பிரித்தானியரும் கைவிட்டுவிடவில்லை. ஆளுநர் எட்வேட் பான்ஸ் காலத்துக் கண்டி வீதிகளை வெட்டியவர்கள் இராசகாரியத்தின் பேரில் ஊர்களிலிருந்து இழுத்துவரப்பட்ட சிங்களக் குடியானவரே. கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏறும் வழியிற் கடுகண்ணாவையில் உயர்ந்து நிற்கும் வெண்கோபுரம் அவ்வீதியமைத்த பொறியியலாளர் டோசனின் நினைவாக எழுந்தது. மண் சுமந்தவனுக்கு அங்கே ஒரு கல்லும் இல்லை. இராசகாரியம் 1832இல் ஒழிக்கப்பட்டது. அந்த ஒழிப்பினைக் குடியானவன்பாற் கொண்ட கருணை என்று மட்டும் படிப்பிக்கின்றனர். கூலிக்கு ஆள் தேடும் புதிய முதலாளிக்கு, நிலத்தோடு கட்டுண்ட ஊழியம் இடையூறாயிருந்தது என்பதையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும்.

அந்தப் புதிய முதலாளியின் பயிர் கோப்பி. ஜோர்ஜ் பேட் என்பவர் 1824இல் கம்பளையை அடுத்த சிங்கபிட்டியவிற் கோப்பித் தோட்டம் திறந்தார். அடுத்த ஆண்டு ஆளுநர் பான்ஸ் தாமே கன்னொறுவையிற் கோப்பி பயிரிட்டார். நாட்டை ஆள்பவர் தோட்டக்காரருமாயிருந்தார் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடும் சேனையும் முடிக்குரியன என்று விதித்தது. தலைமுறை தலைமுறையாக ஊரார் மாடு மேய்த்து விறகு வெட்டிச் சேனை செய்த நிலத்துக்கு எந்தக் குடியானவனிடம் பத்திரம் இருந்தது? அந்நிலங்கள் ஏக்கர் 5 சிலின் வீதம் விலைபோயின. வாங்கியோருள் ஆளுநர் ஸ்ருவாட் மக்கென்சி உட்பட உயர் அதிகாரிகள் பலர் இருந்தனர். தோட்டத் தமிழன் வந்து சிங்களவன் நிலத்தைப் பறித்தான் என்ற கூற்றினை இன்றும் சில மேடைகளிற் கேட்கிறோம். பறித்தவன் யார், எந்தச் சட்டத்தால் எந்த விலைக்குப் பறித்தான் என்பதை வகுப்பறையில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் அக்கூற்று வேரூன்ற இடமிராது.

ஹந்தானைத் தேயிலை நூதனசாலை கண்டி நகருக்கு மேலே, குளிர்ந்த காற்று வீசும் மலைச்சரிவில் இருக்கிறது. 1925இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை அது. நெடுநாள் மூடிக்கிடந்த கட்டடத்தைத் திருத்தி 2001இல் நூதனசாலையாகத் திறந்தனர். தீவின் பல தோட்டங்களிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பழைய இயந்திரங்கள் கீழ்த்தளங்களில் அணிவகுத்து நிற்கின்றன. தொழிற்சாலையின் முழு இயக்கத்துக்கும் விசை தந்த எஞ்சின்கள், கொழுந்தை அரைக்கும் ரோலர்கள், உலர்த்தும் அடுப்புகள், சல்லடைகள் ஆகியவற்றை மாணவர் நேரிற் பார்க்கவேண்டும். வாடவைத்தல், அரைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் என நூலிற் படித்த வரிசை, இரும்பாகக் கண்முன் நிற்கும்போதே விளங்கும். மேலே ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருட்களும் ஒரு நூலகமும், அதற்கும் மேலே மலைக்காட்சியைப் பார்த்தவாறு தேநீர் அருந்தும் மண்டபமும் உண்டு.

என்னோடு வந்த மாணவருள் ஒருத்தி, லயத்திற் பிறந்து வளர்ந்தவள், ஓர் இயந்திரத்தின் மேலிருந்த பித்தளைத் தகட்டை எழுத்தெழுத்தாக வாசித்தாள். அதனைச் செய்த ஆங்கிலக் கம்பனியின் பெயர் அதிற் பொறிக்கப்பட்டிருந்தது. "சேர், இதை ஓட்டின ஆளுடைய பெயரும் இருக்குமா?" என்று அவள் கேட்டாள். எல்லா மாணவரும் சிரித்தார்கள். அக்கேள்வியிற் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. அவளுடைய பாட்டனார் தொழிற்சாலையில் ரோலர் தளத்தில் வேலை செய்தவர். இயந்திரத்தைச் செய்த கம்பனி, இறக்குமதி செய்த கம்பனி, நிறுவிய துரை ஆகிய மூவரையும் அறிவதற்கு வழியிருக்க, நாற்பது ஆண்டு அதன் ஒலியிற் காது மந்தமானவரை அறிவதற்கு வழியில்லாமற்போனது எவ்வாறு?

இக்கேள்விக்கு விடை தேடுவோர் லூல்கந்துரவுக்குச் செல்லவேண்டும். கண்டியிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாக ஏறக்குறைய இருபது மைல்; வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. பதினாறு பதினேழு வயதிற் ஸ்கொத்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெயிலர் 1852 முதல் இறக்கும்வரை பணியாற்றியது இத்தோட்டத்திலேயே. 1867இல் 19 ஏக்கரில் அவர் தேயிலை நாட்டினார். அதுவே இலங்கையின் வணிகத் தேயிலைச் செய்கையின் தொடக்கம் என்பர். கண்டிக்குப் புகையிரதம் வந்ததும் அதே ஆண்டிற்றான். இரண்டு ஆண்டுகளின் பின், 1869இல், கோப்பி இலையைத் தாக்கும் பூஞ்சண நோய் மாதுல்சீமையிற் கண்டறியப்பட்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. 1875இல் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரிலிருந்த தேயிலை 1900 அளவில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவியது. 1873இல் 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குச் சென்றதை வழிகாட்டிகள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

அவர்கள் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தி உண்டு. டெயிலரின் தொடக்ககாலத் தேயிலை, தொழிற்சாலையில் அல்ல, அவருடைய பங்களா விறாந்தையிற் செய்யப்பட்டது. கொழுந்தை மேசையிற் பரப்பி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையான கையால் உருட்டி அரைத்தனர். கரியடுப்பின்மேற் கம்பித் தட்டுகளில் வைத்து உலர்த்தினர். அந்தக் கைகள் யாருடையவை? இலங்கைத் தேயிலைத் தொழிலின் முதல் ரோலர், தமிழ்நாட்டுக் கிராமமொன்றிலிருந்து கடல் கடந்து வந்த ஒரு கூலியாளின் முன்கையாகும். டெயிலர் உழைப்பாளி என்பதையும், தம் தோட்டத்தைவிட்டு அதிகம் அகலாதவர் என்பதையும் நான் மறுக்கவில்லை. 1892இல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் வயிற்றோட்டத்தால் இறந்தார். கம்பனிக்கு அவரும் ஒரு கூலியாளே. அவருடைய உடலை 24 பேர், பன்னிருவர் பன்னிருவராக மாறி மாறிச் சுமந்து கண்டி மகியாவ இடுகாட்டுக்குக் கொண்டுசென்றனர் என்றும், தொழிலாளர் அவரைச் "சாமி துரை" என அழைத்தனர் என்றும் சொல்வர். சுமக்கப்பட்டவரின் கல்லறையில் எழுத்து இருக்கிறது. சுமந்தவர் இருபத்துநால்வர் என்ற எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

கல்லறை பற்றிய பேச்சு எழுந்தமையால் இதனையும் சொல்லிவிடுகிறேன். தலதா மாளிகைக்குப் பின்புறம், மேட்டில், பிரித்தானியப் படையினரின் பழைய இடுகாடு ஒன்று உண்டு. சுற்றுலாச் செல்லும் பாடசாலைகள் அங்கு போவது அரிது. போகவேண்டும் என்பது என் கருத்து. கண்டி உடன்படிக்கையை உருவாக்கிய ஜோன் டொயிலி அங்கு உறங்குகிறார். காட்டானையால் 1856இற் கொல்லப்பட்ட றொபேட்சன் அங்கு உறங்குகிறார். காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொண்டுபோன இளைஞரும் குழந்தைகளும் அங்கு உளர். இறந்தவர் பெயர், வயது, பிறந்த ஊர் எனக் கல்லில் எழுதப்பட்டவற்றை வாசிக்கையில் அவர்கள்மேல் இரக்கம் தோன்றாமற் போகாது. அந்த இரக்கத்துக்கு மாணவரைத் தடுக்கவும் கூடாது. ஆனால் அதே காய்ச்சல், அதே வயிற்றோட்டம், அதே காடு வேறு யாரைக் கொன்றன?

தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கி, மன்னார்க் காட்டினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளை வரை நூற்றைம்பது மைல் அளவு நடந்து வந்த கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். கோப்பி அறுவடைக் காலத்துக்கு வந்து, முடிந்ததும் ஊர் திரும்பிய மக்கள் அவர்கள். வழியில் நல்ல தண்ணீர் இல்லை. தங்க நிழல் இல்லை. வாந்திபேதி கண்டவனைக் காத்திருக்கக் கங்காணிக்குப் பொழுதில்லை. 1840களில் இறந்தோர் தொகை எழுபதினாயிரம் வரை இருக்கலாமென்று 1849இற் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அந்தத் தொகையை ஆய்வாளருள் ஏற்பவரும் உளர், மிகையென மறுப்பவரும் உளர். இருபதினாயிரமா எழுபதினாயிரமா என்ற விவாதம் நடைபெறக் காரணமே எவரும் எண்ணிவைக்காமைதான். கப்பலில் ஏற்றிய கோப்பி மூட்டைகள் அந்தர் கணக்கில் ஆண்டுவாரியாக எண்ணப்பட்டிருக்கின்றன.

தேயிலை இந்நிலையை ஓரளவு மாற்றியது. கோப்பிக்குப் பருவத்தில் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே வந்துபோனவர் தங்கினர். பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாக வந்தனர். பத்தடி, பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக அடுக்கிய லயங்கள் மலைதோறும் எழுந்தன. பிரட்டுக் களம், கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்னும் படிநிலை நிலைபெற்றது. தொழிலாளரின் கடனைக் காட்டும் "துண்டு" என்ற சீட்டினால் ஒரு கூட்டமே தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது. 1921 வரை அவ்வழக்கம் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புறப்படுகையிலேயே கழுத்திற் கட்டப்பட்ட தகரத் துண்டில் தோட்டத்தின் இலக்கம் பொறிக்கப்பட்டிருந்தது. எங்கே போகிறோமென்று அணிந்தவருக்குத் தெரியாவிடினும், எங்கே சேர்ப்பிக்கவேண்டுமென்று வழியிலிருந்தவருக்குத் தெரிந்தது. தபாற் பொதியும் இவ்வாறுதான் அனுப்பப்படுகிறது.

லூல்கந்துரவிலிருந்து திரும்பும் மாணவருக்கு இன்னோர் இடத்தையும் காட்டவேண்டும். அதே ஹேவாஹெட்டப் பகுதியில் முல்லோயாத் தோட்டம் இருக்கிறது. நாட்கூலியில் 16 சத உயர்வு கேட்டு அங்கு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது 1940 சனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டனர். கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். இலங்கைச் சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் முன்னின்ற போராட்டம் அது. விசாரணையிற் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் சார்பிற் தோன்றி வாதாடினார். சிங்களச் சட்டத்தரணியொருவர் தமிழ்த் தொழிலாளியின் குருதிக்கு நியாயம் கேட்ட காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், மாதுல்கலையில் றெலுகாஸ் தோட்டத்திற் பயிற்சிபெற வந்த பிறேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞன், துரைமாரின் கூட்டத்தைவிட்டுத் தொழிலாளர் மேடையில் ஏறியதற்காக நாடுகடத்தலுக்கு உள்ளானதும், உயர் நீதிமன்றம் ஆளுநரின் கட்டளையைத் தள்ளி அவனை விடுவித்ததும் இக்கதையைச் சேர்ந்தனவே. கோவிந்தனின் மலைக்கும் டெயிலரின் மலைக்கும் இடையே சில மைல் தூரமே உள்ளது. சுற்றுலாக் கைநூல்களில் ஒரு மலைக்கு வழி எழுதப்பட்டிருக்கிறது.

கம்பளையிலிருந்து புசல்லாவை நோக்கிச் செல்லும் பக்கத்திற் பாரதெக்க என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் 2007இல் தொடங்கிய சிறிய நூதனசாலை, மேற்கூறிய குறையை நிரப்பும் முயற்சியாகும். கண்டியிலியங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் அதனை அமைத்தது. பழைய லயமே நூதனசாலையாக்கப்பட்டிருக்கிறது என்பதே அதன் முதற் சிறப்பு. வேறெந்த நூதனசாலையிலும் கட்டடம் பொருளைத் தாங்கும். இங்கே கட்டடந்தான் முதற் காட்சிப்பொருள். தலை குனிந்து உள்ளே போனவுடன், ஒரு குடும்பம் இந்தச் சதுர அடிக்குள் எவ்வாறு சமைத்து, படுத்து, பிள்ளை பெற்றது என்ற கேள்வி, எவரும் விளக்காமலே எழுகிறது. வீட்டுப் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், இசைக்கருவிகள், ஆவணங்கள் ஆகியவற்றை மக்களிடமிருந்தே திரட்டி வைத்திருக்கிறார்கள். ஹந்தானையிற் கண்ட இயந்திரத்துக்கும் இங்குள்ள சமையற் பாத்திரத்துக்கும் உள்ள தொடர்பை ஒரே நாளிற் காட்டும் ஆசிரியர், பொருளாதார வரலாற்றில் ஒரு மாதம் படிப்பிப்பதைப் படிப்பித்துவிடலாம். வீதி ஒடுக்கமானது, பெரிய பஸ் போவது கடினம். இதனைக் காரணங்காட்டியே பலர் அங்கு போகாமல் விடுகின்றனர். தேநீர் மண்டபம் இல்லாமையும் ஒரு காரணமாயிருக்கலாம்.

மாத்தளையில் இரு வரலாறுகள் ஒரே ஊரிற் சந்திக்கின்றன. 1848 யூலையில், நாய்க்கும் துவக்குக்கும் கடைக்கும் வரி விதித்து, வரி கட்டாதவன் வீதியில் ஆறு நாள் உழைக்கவேண்டுமென்ற ஆளுநர் ரொறிங்ரனின் ஆட்சிக்கு எதிராகக் குடியானவர் எழுந்தனர். அவர்தம் தலைவருள் ஒருவரான புரன் அப்பு ஓகத்து 8ஆம் நாள் கண்டி போகம்பறையிற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவ்வெழுச்சிக்கு மாத்தளையில் நினைவுச்சின்னம் உண்டு. அங்கு மாணவரை அழைத்துச் செல்வோரும் உண்டு. வடக்கு வீதியால் நடந்துவந்த கூலிமக்கள் முதன்முதலாக இளைப்பாறிய ஊரும் மாத்தளையே. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலை அந்த நடைபயணத்தோடு இணைத்து மக்கள் இன்றும் பேசுகின்றனர். ஒரே சட்டத்தால் நிலத்தை இழந்தவனும், அந்நிலத்தில் உழைக்கக் கொண்டுவரப்பட்டவனும் ஒரே தெருவில் எதிரெதிரே நடந்திருப்பார்கள். இருவரும் ஒருவரையொருவர் எவ்வாறு பார்த்தார்கள் என்பதை எழுதிவைத்தவர் இல்லை. பின்வந்த அரசியல்வாதிகள் அதற்குத் தம் விருப்பப்படி விளக்கம் எழுதினர்.

அவ்விளக்கத்தின் விளைவே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். 1947 தேர்தலில் மலைநாட்டுத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளையும், வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளையும் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே அவர்கள் நாடற்றவராயினர். அதற்கடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. அவ்வாண்டுகளில் வடபுலத்துத் தமிழ்ப் பிரதிநிதிகள் ஒருமுகமாக எதிர்த்து நிற்கவில்லை என்பதை, வடபுலத்திற் பிறந்த ஆசிரியன் என்ற முறையில் நான் மறைக்க விரும்பவில்லை. தமிழர் என்ற சொல்லுக்குள் மலைநாட்டாரை வேண்டியபோது சேர்ப்பதும் வேண்டாதபோது விடுவதும் எம்மிடையே நெடுங்காலம் இருந்துவந்த வழக்கம். 1964இற் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை இரு நாடுகளுக்கிடையிற் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படுவர். 1974இல் அந்த மிச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இம்மக்களுள் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை முழுமையாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பொறுத்திருக்கவேண்டியதாயிற்று. இவ்வெண்களைச் சேர்த்தும் கழித்தும் பார்க்க ஐந்தாம் வகுப்புக் கணக்குப் போதும். ஒரே காம்பராவிற் பிறந்த அண்ணன் இந்தியப் பங்கிலும் தங்கை இலங்கைப் பங்கிலும் விழுந்த கணக்கை எந்த வகுப்பிற் படிப்பிப்பது?

2023 யூலை 28ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் தொடங்கியது. இருநூறு ஆண்டு நிறைவை முன்னிட்டு, முன்னோர் நடந்த வழியே நடந்து, ஓகத்து 12ஆம் நாள் அவர்கள் மாத்தளையை அடைந்தனர். வழியூர்களில் முஸ்லிம் மக்களும் சிங்கள மக்களும் தண்ணீரும் உணவும் கொடுத்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் நிலவுரிமையும் வீட்டுரிமையும் முதன்மையானவை. நூதனசாலையாகிவிட்ட லயம் ஒன்று பாரதெக்கவில் இருக்கிறது. ஆனால் குடியிருக்கும் லயங்கள் இன்னும் மலைதோறும் இருக்கின்றன என்பதால் அக்கோரிக்கை பழங்கதையாகிவிடவில்லை.

எமது பாடசாலையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவரிடம், வீட்டிலிருக்கும் பழைய கடதாசிகளைப் பற்றிப் பெரியோரிடம் விசாரித்து எழுதுமாறு சொன்னேன். மூலப் பத்திரங்களைக் கொண்டுவர வேண்டாமென்றும் சொன்னேன். அவை காணாமற்போனால் அக்குடும்பம் மீண்டும் ஆளற்றதாகிவிடும். பலர் எழுதிவந்தனர். பெயர்ப்பதிவுத் துண்டு, பிரசாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, சங்கச் சந்தா அட்டை, இராமேசுவரத்திலிருந்து வந்த கடிதம் என்று பட்டியல் நீண்டது. ஹந்தானையிற் கேள்வி கேட்ட மாணவி தன் பாட்டனாரிடமிருந்து ரோலர் தளத்தில் அவரோடு வேலைசெய்த பதினொருவரின் பெயர்களைக் கேட்டு எழுதிவந்திருந்தாள். இருவருடைய பெயர் அவருக்கு முழுமையாக நினைவில்லை, பட்டப்பெயரைச் சொல்லியிருந்தார். அதனையும் அவ்வாறே எழுதிவைக்கச் சொன்னேன். அடுத்த தவணையில் அவர்கள் கொழுந்து மலையில் வேலைசெய்த பெண்களின் பெயர்களை எழுதத் தொடங்குவார்கள்.